மத்தியானம் தலை திருப்பிய கேமரா

1

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மலை மேல் கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: என் மகள் பவித்ரா, பதினாறு வயது. அவளோடு பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஜோதி, தோட்டக் குடியிருப்பின் மேல் லைன் வீட்டுப் பெண். உள்ளறையில் என் வீட்டுக்காரர், எஸ்டேட்டில் இரவுக் காவல் முடித்து வந்து இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், மூன்று பேர். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றால், முன்னறைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நான் பணம் அனுப்பி மாட்டச் சொன்ன கேமரா.

நான் குவைத்தில் இருந்தேன். வேலை செய்கிற வீட்டின் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். என் போன் அந்த வீட்டு அம்மாவின் மேசை இழுப்பறையில் இருந்தது.

இவ்வளவு கணக்காக ஏன் சொல்கிறேன் என்றால், அன்று மத்தியானம் அந்தக் கேமரா தலையைத் திருப்பி என் மகளைப் பார்த்திருக்கிறது. அதைத் திருப்பக்கூடியவள் நான் ஒருத்திதான் என்று நம்பியிருந்தேன். நான் திருப்பவில்லை.

2

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில் ஆள் போதவில்லை என்று என் அம்மா தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். பறிப்பு முடிந்தபோது பள்ளிக்கூடத்தில் பரீட்சையும் முடிந்திருந்தது. அதனால் இதை நான் கையால் எழுதவில்லை. போனிடம் பேசுகிறேன், அது எழுத்தாக்கித் தருகிறது. தப்பாக வந்தால் படித்துத் திருத்தும் அளவுக்கு எழுத்து தெரியும்.

போனைப் பற்றிக் குறை சொல்லப்போகிறேன் என்பதால் அதற்குச் சேர வேண்டிய நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் ஊருக்குப் பணம் அனுப்ப வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்து, யாராவது காரில் ஏற்றிப்போக மாட்டார்களா என்று பார்த்து நிற்பேன். இப்போது பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துவிட்டு நின்ற இடத்திலேயே அனுப்புகிறேன். என் அப்பா சாகிற அன்றைக்கு என் முகத்தைப் போனில்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, "இளைச்சுட்டியே சாமி" என்றார். அந்தப் போன் இல்லாவிட்டால் அந்த வார்த்தை எனக்கு வந்திருக்காது. இதையெல்லாம் மறந்துவிட்டுப் பேசினால் நாக்கு அழுகிவிடும்.

எனக்குப் பிறவியிலேயே கவலை அதிகம். மழை வந்தால் மண் சரியுமோ என்று இருக்கும், வராவிட்டால் காப்பி பூக்காதோ என்று இருக்கும். கடல் தாண்டி வந்ததும் அது பத்து மடங்காகிவிட்டது. பக்கத்தில் இருக்கிறவள் கவலைப்பட்டால் எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள். இங்கே இருக்கிறவள் எந்தக் கதவைச் சாத்துவது?

இந்த வீட்டில் வீட்டுக்கார அம்மாவை 'மாமா' என்று கூப்பிட வேண்டும். அவர்கள் பேச்சில் அம்மா என்று அர்த்தம். ஐயாவை 'பாபா' என்று கூப்பிட வேண்டும். முதல் மாதம் நான் போனில் "மாமா திட்டினாங்க, மாமா புதுத் துணி குடுத்தாங்க" என்று சொல்லச் சொல்ல, பவித்ரா அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உங்க மாமாவுக்கு மீசை இருக்குதாம்மா?"

"லேசா இருக்குது கண்ணு" என்றேன். பொய்யும் இல்லை.

மாமா கெட்டவள் அல்ல. சோறு அளந்து போட மாட்டாள், கை நீட்ட மாட்டாள். ஆனால் வேலை நேரத்தில் போன் கூடாது. காலையில் எழுந்ததும் அவள் இழுப்பறையில் வைத்துவிட வேண்டும், சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கைக்கு வரும். நம் ஊரில் அப்போது ஆறரை. இந்த விஷயத்தை மட்டும் நான் வீட்டில் சொல்லவில்லை. பெற்றவளிடம் போனைப் பிடுங்கி வைக்கிறார்கள் என்று ஒரு பெண்பிள்ளை எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்? "போன் எங்கிட்டத்தான் இருக்குது கண்ணு, வேலையா இருந்தா எடுக்க மாட்டேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவைத்திருந்தேன்.

இங்கே சமையலறையில் ஒரு கேமரா, கூடத்தில் ஒன்று, என் அறை வாசலில் ஒன்று. மாமா வெளியே போயிருந்தாலும் பார்ப்பாள். நான் தும்மினால்கூட நேராக நின்று தும்முகிறேன். ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டால் மெல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு குளிர்பெட்டியின் கதவைத் திறந்து, அதன் மறைவில் மென்று முடிப்பேன். கேட்டால் தட்டு நிறையக் கொடுப்பாள். இருந்தாலும் அப்படித்தான் சாப்பிட வருகிறது.

3

பழம் பறிக்கிற பருவம் வந்தால் என் வீட்டுக்காரருக்கு இரவுக் காவல். காய்ந்துகொண்டிருக்கிற காப்பியை மூட்டையோடு தூக்கிப் போய்விடுகிறார்கள். அவர் ஆறு மணிக்கே போனால் பவித்ரா வீட்டில் தனியாக இருப்பாள். இருட்டுகிற நேரம் காட்டுமாடு வேறு லைன் வீடுகள் வரைக்கும் இறங்கிவிடுகிறது. நான் அவளைக் கூப்பிட்டால் சில நாள் எடுப்பாள், சில நாள் எடுக்க மாட்டாள். எடுக்காத நாளில் எனக்கு இங்கே சோறு இறங்காது.

என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன் தினேஷ், அடிவாரத்தில் போன் கடை வைத்திருக்கிறான். அவனிடம் புலம்பினேன்.

"அண்ணி, இதுக்கெல்லாமா கண்ணத் தொடைப்பீங்க? சிம் போட்ட கேமரா ஒண்ணு இருக்குதுங்க. நீங்க குவைத்துல இருந்தே அதோட தலையத் திருப்பலாம், அதுவழியா பேசலாம். காசு மாசாமாசம் குடுங்க, போதும்."

அதை இயக்கத் தொடங்க இந்திய நம்பர் ஒன்று வேண்டுமாம், ரகசிய எண் அதற்குத்தான் வருமாம். என் பழைய நம்பர் காசு போடாமல் கிடந்து செத்துப்போய்விட்டது. அதை உயிர்ப்பிக்க வேண்டுமென்றால் நான் நேரில் வந்து விரல் வைக்க வேண்டும். விரல் வைக்க ஊருக்கு வர வேண்டும், ஊருக்கு வர பாபா கையெழுத்துப் போட வேண்டும். இங்கே என் குடியிருப்பு அட்டை, ஒப்பந்தம், விடுப்பு எல்லாமே அவர் போனில் அவர் விரல் பட்டால்தான் நகரும். என் வீட்டுக்காரரிடமும் பவித்ராவிடமும் இருப்பதோ பட்டன் போன், அது இதற்கு ஆகாதாம்.

"அதுக்கென்னங்க, என் நம்பர்லயே போட்டுக்கறேன். நம்ம ஊடுதானுங்களே" என்றான் தினேஷ்.

வெளியே மாட்டினால் பனியிலும் மழையிலும் கெட்டுப்போகும் என்று முன்னறையில் மாட்டினான். எங்கள் வீட்டுக்கு இருப்பதே இரண்டு அறை. பவித்ரா படிப்பது, படுப்பது எல்லாம் முன்னறையில்தான்.

அதற்கப்புறம் நாலு மணி ஆனால் போதும், என் அறைக்குள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் வீட்டைத் திறந்துவிடுவேன். "பவித்ரா, அரிசி களைஞ்சாச்சா?" "பவித்ரா, தலையச் சீவு." சுவரிலிருந்து என் குரல் வரும். ஜோதி இருந்தால் கேமராவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

"அசரீரி வந்துருச்சு. போயி அரிசியக் களைடி, குத்தமாயிரும்."

எனக்கும் சிரிப்பு வரும். இங்கே வந்த நாலு வருஷத்தில் நான் அவ்வளவு சிரித்ததில்லை.

ஒரு நாள் பனி மூடிய சாயங்காலம். பவித்ரா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்து கிடந்தது. வாசல் விளக்கு வெளிச்சத்தில் ஏதோ கறுப்பாக அசைந்தது. உற்றுப் பார்த்தால் காட்டுமாடு, கொம்பு கதவு நிலை உயரத்துக்கு இருக்கிறது. நான் கத்தினேன்: "பவித்ரா, எந்திரிக்காத. திரும்பாத. அப்படியே உக்காரு." அவள் காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தபடியே இருந்தாள். அது சௌசௌ கொடியை இழுத்துத் தின்றுவிட்டு, வீட்டுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். அன்றைக்கு நான் அந்தக் கேமராவைக் கும்பிட்டேன், விளையாட்டுக்கு இல்லை.

அதிலிருந்து எனக்குப் பிடி இன்னும் இறுகிவிட்டது. திடீரென்று ஒரு நாள் படம் இருண்டது. துண்டைப் போட்டு மூடியிருக்கிறாள்.

"துண்ட எடு கண்ணு."

"துணி மாத்தறேம்மா."

"நாந்தானே பாக்கறேன். உன்னப் பெத்தவ."

துண்டை எடுத்தாள், பேசாமல் வெளியே போனாள். அப்புறம் துணி மாற்ற ஜோதி வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். ஏன் போகிறாள், அங்கே யார் இருக்கிறார்கள், ஜோதிக்கு அண்ணன் தம்பி உண்டா என்று என் மனசு ஓடியது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "புள்ள வளந்துருச்சு, உடு" என்கிறார். விடுவதற்கு என் கையில் வேறு என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

4

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில் சண்டை.

"மத்தியானம் எதுக்கும்மா எங்கள அப்படி உத்து உத்துப் பாத்த?"

"எப்ப?"

"சோறு தின்னுட்டு இருக்கையில. அது தலையத் திருப்புச்சு. ஜோதி தண்ணி எடுக்க எந்திரிச்சா, அவ பின்னாலயே போச்சு. அப்புறம் எங்கிட்ட வந்துச்சு. ஏதாவது பேசுவீன்னு பாத்தா பேசல. ஜோதி கும்புடு வேற போட்டா."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். அவள் விடவில்லை.

"லீவு நாளானா இதே சோலி. போன வாரம் நான் படுத்திருக்கையிலயும் திருப்பின. அங்க உனக்கு வேலையே இல்லியாம்மா? போன் எப்பவும் கையில இருக்குதுன்னு இப்படியா?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மத்தியானம் எங்கிட்டப் போன் இருக்காது கண்ணு."

"எங்க போச்சு?"

"மாமா வாங்கி வெச்சுக்குவாங்க. சாயங்காலந்தான் குடுப்பாங்க."

"எப்ப இருந்து?"

"வந்ததுல இருந்து."

  முதலில் எதற்கு வருத்தப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை போல. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அது யாரும்மா?"

5

வேறு வழி தெரியாமல் மாமாவிடம் போனேன். கேமராவைப் பற்றி இந்த வீட்டில் அவளைவிடத் தெரிந்தவர் இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில், என் வீடு, என் மகள், கேமரா, யாரோ பார்க்கிறார்கள் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவசரத்தில் மகள் என்பதற்கு மகன் என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் நிதானமாகக் கேட்டாள். படத்தைக் காட்டியதும் "பெண்ணா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

போனை வாங்கி எங்கெங்கோ தொட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள், நான் புரிந்துகொள்ளும்படி ஒவ்வொரு சொல்லாக: "இது உன் கேமரா இல்லை. வேறு ஒருவருடையது. அவர் உன்னைப் பார்க்க விட்டிருக்கிறார். நீ விருந்தாளி."

அவரை நீக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினாள். விருந்தாளியால் வீட்டுக்காரனை வெளியே அனுப்ப முடியாது. அவன் நம்பருக்கு எண் வரும், அவன் சொன்னால்தான் மாற்றலாம்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள், "பெண் தூங்குகிற அறையில் ஏன் வைத்தாய்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். அவளுக்குப் பின்னால் என் அறை வாசலில் கேமராவின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் போனை வாங்கிக்கொண்டு மீதிப் பாத்திரத்தைக் கழுவப் போனேன். 

6

அடுத்த நாள் சாயங்காலம் தினேஷைக் கூப்பிட்டேன். மழுப்புவான் என்று நினைத்தேன். மழுப்பவே இல்லை.

"ஆமாங்கண்ணி, நாந்தான். கடைக்கு ஆள் வந்தா காட்டணுமில்லீங்க. வெறும் டப்பாவப் பாத்து எவன் கேமரா வாங்குவான்? இங்க அடிவாரத்துல உக்காந்துட்டு, பாருங்க, மலை மேல கொட்டச்சேட்டுல ஒரு ஊடு, இப்பத் திருப்பறேன் பாருங்கன்னு திருப்பிக் காட்டினாத்தான் நம்பறாங்க. நொம்பப் பேரு வாங்கிட்டாங்க."

"உள்ள எம்புள்ள இருந்தாளே, தினேஷு."

"நம்ம ஊடுதானுங்களே. ஊரான் ஊட்டயா காட்டினேன்?"

"உன்ற ஊட்டுல மாட்டி அதக் காட்டலாமில்ல?"

"அவ மாட்ட உட மாட்டேங்கறாளுங்க" என்றான். அவள் என்றால் அவன் பெண்டாட்டி. சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். "சும்மா கூடத்தத்தானுங்க காட்டினேன், தப்பா ஒண்ணுமில்ல" என்று குரலை இறக்கினான்.

கடை போனில்தான் பார்த்ததாம். கடை போனை யார் யார் தொடுவார்கள் என்றேன். கடையில் இருக்கிறவர்கள் எல்லாரும் தொடுவார்களாம். படம் பதிவாகியிருக்கிறதா என்றேன். "அது தானா பதிவாகும், தானா அழிஞ்சுரும்" என்றான். அவனுக்கு அது உறுதியாகத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளாக எத்தனை பேர் பவித்ரா படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு விலை கேட்டிருப்பார்கள்? நினைத்தால் மீன் கழுவுகிற கை அப்படியே நின்றுவிடுகிறது. நின்றால் மாமா கூப்பிடுவாள், சமையலறையில் என்ன ஆயிற்று என்று.

என் வீட்டுக்காரர் காலைப் பஸ்ஸில் அடிவாரம் இறங்கிப் போனார். கோபமாகத்தான் போனார். தினேஷ் டீ வாங்கிக் கொடுத்து, கடை போனில் எதையோ அழித்துக் காட்டியிருக்கிறான்.

"அழிச்சுட்டேன்னு காட்டினான், புள்ள. எனக்கு என்ன தெரியுது? வெள்ளையா ஒண்ணு வந்துச்சு, போச்சு."

"ஏனுங்க, போலீசுக்குப் போலாங்களா?"

"போனா மொதல்ல எழுதறது எம்புள்ள பேரத்தான். படம் எங்க, என்ன கோலத்துல இருந்தாளுன்னு கேப்பாங்க. பங்காளி ஊட்டுப் பொல்லாப்பு வேற. யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். யோசிக்க யோசிக்க எல்லாப் பக்கமும் சுவர்தான். எழுதிக் கொடுக்க நான் நேரில் இல்லை. நேரில் போக பாபாவின் விரல் வேண்டும். சொல்லாமல் விட்டால் அவன் செய்தது சரி என்றாகிவிடும். சொன்னால் அடிவாரத்தில் பார்க்காதவர்களும் என் மகளைப் பார்த்ததாகப் பேசுவார்கள்.

7

எனக்கு ஒரு யோசனை இருந்தது. தினேஷிடம் எண் வாங்கி அந்தக் கேமராவை முழுக்க என் பேருக்கு மாற்றிவிடலாம், ஜோதி வீட்டு டச் போன் நம்பர் வழியாக. அப்போது நான் மட்டும் பார்ப்பேன். பவித்ராவிடம் சொன்னேன். சாமி, காட்டுமாடு வந்த அன்றைக்கு என்ன ஆனது என்று நினைத்துப் பார் என்றும் சொன்னேன்.

"அம்மா, பிளக்க எப்பவோ புடுங்கியாச்சு" என்றாள்.

"ராத்திரி நீ தனியா இருப்பியே."

"ஜோதி வந்து படுத்துக்கறா. இல்லன்னா நான் அங்க போறேன்."

"எனக்கு எப்படித் தெரியும், நீ இருக்கியா இல்லியான்னு?"

"கூப்புடு. எடுக்கறேன்."

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா வேலையா இருக்கேன்னு அர்த்தம். நீயும் அப்படித்தானே எங்கிட்டச் சொல்லி வெச்சிருந்த?"

 அவளே தொடர்ந்தாள். "சித்தப்பா பாத்தது யாவாரத்துக்கு. நீ பாத்தது பயத்துக்கு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. முதுகுல ஒரு எறும்பு ஊருற மாதிரியே இருக்கும். சொரியக்கூட முடியாது, யாராவது பாப்பாங்கன்னு."

அவள் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியும். அந்த எறும்போடுதான் நான் நாலு வருஷமாக மீன் கழுவுகிறேன். ஆனால் அவளுக்குப் பிளக்கைப் பிடுங்க முடிந்தது.

"உன்ற போன வாங்கி வெக்கறத அப்பாகிட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சரி என்றாள். "நாலு மணி ஆனா மொதல்ல எனக்குத்தான் கூப்புடணும்" என்றாள். எங்கள் இருவருக்கும் நடுவில் முதல் முறையாக ஒரு ரகசியம். அது எனக்குச் சந்தோஷமா, அவளுக்கு நான் ஏற்றிவிட்ட சுமையா என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது நாலு மணிக்குப் போன் வந்ததும் கூப்பிடுகிறேன். சில நாள் எடுக்கிறாள். எடுக்காத நாளில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னென்னவோ நினைத்துக்கொள்கிறேன்: பனி இறங்கியிருக்கும், கதவு திறந்திருக்கும், வாசலில் கறுப்பாக ஏதோ நிற்கும். பார்க்க வழி இல்லை. வழி இருந்தபோதும் நான் பார்த்தது ஒன்று, அடிவாரத்தில் மற்றவர்கள் பார்த்தது ஒன்று. எந்திரம் நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் மகளைக் காட்டுமாட்டிடமிருந்து காப்பாற்றிக் கொடுத்தது அதுதான், கடையில் கொண்டுபோய் வைத்ததும் அதுதான். இரண்டையும் ஒரே கண்ணால் செய்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் கேமரா மாட்டச் சொல்கிற என்னைப் போன்றவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லலாம்: அது யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் வீட்டில் இருக்கிற பிள்ளையையும் கேளுங்கள்.

நேற்று தினேஷ் குரல் செய்தி அனுப்பியிருந்தான். கழற்றிய கேமராவை அவனால் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாதாம், பெட்டி பிரித்த பொருளாம். மாதத் தவணை நிற்காமல் வர வேண்டுமாம். அண்ணியின் மனசு சங்கடப்பட்டுவிட்டது என்பதற்காக ஐநூறு ரூபாய் குறைத்துக்கொள்கிறானாம். அதுபோக அவனுக்கு நாங்கள் இன்னும் கொடுக்க வேண்டியது மூவாயிரத்து நூறு ரூபாய்.